படமுதலாளிகளின் வாழ்க்கை வரலாறும் மெய்ம்மையும்

லூயி பி. மேயர் என்பார், மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் என்னும் பெரும் படக்கம்பெனியின் ஸ்டூடியோவை 1924ஆம் ஆண்டு முதல் 1951ஆம் ஆண்டு வரை தம் கைக்குள் வைத்து நடத்தியவர். அவர் பிறந்தநாள் ஜூலை 4 என்று பல நூல்கள் எழுதிவைத்திருக்கின்றன. அந்நாள் அமெரிக்க நாட்டின் சுதந்தரத் திருநாள். ருஷியப் பேரரசின் ஒரு மூலையில் எளிய யூதக் குடும்பம் ஒன்றிலே தோன்றிய குழந்தை, தான் பிற்காலத்திற் குடியேறப்போகும் நாட்டின் திருநாளை முன்னரே அறிந்து அந்நாளிற் பிறந்தது என்றால் வியப்பன்றோ? ஆயினும் வியத்தற்கு இடமில்லை. 1912இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர், அந்நாளைத் தமக்குத் தாமே வரித்துக்கொண்டார். ஆண்டின் செய்தியும் அத்தகையதே. 1885 என்று அவர் சொல்லிவந்தார். பழைய பத்திரங்களோ 1882 முதல் 1885 வரை பல்வேறாகப் பேசுகின்றன. ஊரைக் கேட்பின், மின்ஸ்க் என்பார் சிலர். கீவ் நகரை அடுத்த டைமர் என்பார் சிலர்.

பிறந்தநாள் ஒன்று பிழைபட்டால் உலகம் கவிழ்ந்துவிடுமா என்று நண்பர் சிலர் வினவக்கூடும். கவிழாது. ஆயின் வரலாறு எழுதப் புகுந்தவர் அவ்விடத்தில் என்ன செய்கிறார் என்பதிலிருந்தே நூல் முழுவதன் தரமும் விளங்கிவிடும். ஜூலை 4 என்று அப்படியே பெயர்த்தெழுதிச் செல்பவர், தலைவர் சொன்னதையெல்லாம் நம்பும் அடியவர். அப்பொய்யை நீக்கிவிட்டு மெய்யான நாளைத் தேடி ஒன்றை மட்டும் எழுதுபவரோ, நல்லவரேனும் ஒரு பெரும்பொருளைக் கைநழுவ விடுகிறார். பழைய இரும்பு வாணிகம் செய்த தந்தைக்குத் துணையாய்க் கனடாவின் செயின்ட் ஜான் நகரில் வளர்ந்து, 1907இல் மாசசூசெட்ஸ் மாகாணத்து ஹேவர்ஹில் என்னும் ஊரிலே பாழ்பட்டுக் கிடந்த நாடகக் கொட்டகை ஒன்றை எடுத்து நடத்திய மனிதருக்கு, அமெரிக்காவின் பிறந்தநாளே தம் பிறந்தநாளும் ஆகவேண்டும் என்னும் ஆசை ஏன் எழுந்தது? இவ்வினா மேயரின் உள்ளத்தை நமக்குக் காட்டுகின்றது. ஆகவே, தலைவன் தன்னைப்பற்றிச் சொன்ன பொய் நூலில் இருத்தல் வேண்டும். அது பொய் என்னும் குறிப்போடு இருத்தல் வேண்டும் என்பது என் கொள்கை. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்குவோர் பிழைபட்ட பாடத்தைக் கிழித்தெறிவதில்லை. அடிக்குறிப்பிலே வைத்துக் காக்கின்றனர். படமுதலாளிகளின் வரலாற்றிலும் அம்முறையே வேண்டற்பாலது.

இம்முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு ஸ்காட் பெர்க் என்பார் 1989இல் வெளியிட்ட சாமுவேல் கோல்ட்வின் வரலாறு. போலந்து நாட்டு வார்சா நகரிற் பிறந்த கோல்ட்வின், தாம் 1882இல் பிறந்ததாக உலகை நம்பவைத்தார். 1879 என்பதே பொருந்தும் என்று பெர்க் காட்டினார். இயற்பெயர் ஷ்முயெல் கெல்ப்பிஷ். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரிலே தங்கியபோது அது கோல்ட்பிஷ் ஆயிற்று, அஃதாவது ‘பொன்மீன்’. அமெரிக்காவில் கையுறை வாணிகம் செய்து, பின் படத்தொழிலில் இறங்கி, செல்வின் என்னும் சகோதரரோடு கூட்டுச் சேர்ந்து கம்பெனி தொடங்கியபோது, இரு பெயர்களின் துண்டுகளை ஒட்டிக் கோல்ட்வின் என்று கம்பெனிக்குப் பெயரிட்டனர். அப்பெயரையே தமக்கும் அவர் சூட்டிக்கொண்டார். கம்பெனிக்கு முதலாளி பெயர் வைப்பதைக் கண்டிருக்கிறோம். முதலாளி கம்பெனியின் பெயரை வைத்துக்கொண்டது இவரிடமே கண்டது. இதில் மற்றொரு வேடிக்கை உண்டு. மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் என்னும் பெயரில் கோல்ட்வின் நடுவில் வீற்றிருப்பதால், அவர் அக்கம்பெனியின் பங்காளி என்று இன்றளவும் எழுதுவோர் உளர். அவர் 1922இலேயே தம் பழைய கம்பெனியினின்று வெளியேற்றப்பட்டார். 1924இல் நிகழ்ந்த இணைப்பில் அவருக்கு ஒரு பங்கும் இல்லை. அவர் வாய்தவறிச் சொன்னவையாக நகைச்சுவை நூல்களில் வழங்கும் மொழிகளோ, பெரும்பாலும் விளம்பர எழுத்தாளரும் விகடரும் கட்டி அவர் தலையில் ஏற்றியவை. பெர்க்குக்குக் கோல்ட்வின் குடும்பத்தார் தங்கள் கடிதப் பெட்டிகளையெல்லாம் திறந்துவிட்டனர். அங்ஙனம் திறந்துவிட்டும், எழுதியவர் கைகட்டி நிற்கவில்லை. குடும்பத்தார் உதவினால் நூல் துதிநூலாகிவிடும் என்று கருதுவோருக்கு இந்நூலே விடை.

இம்முதலாளிகள் தங்களைப்பற்றிக் கதை கட்டியதில் யான் பெரிதும் வியப்படையவில்லை. அவர்தம் தொழிற்சாலையிலேயே கதை கட்டுவதற்கென்று ஒரு பகுதி இருந்தது. வில்லியம் பாக்ஸ் என்பாரின் கம்பெனியில் நடித்த தீடா பாரா என்னும் நடிகையை, சஹாராப் பாலைவனத்திலே பிறந்தவள் என்றும், அரபு இரத்தம் உடையவள் என்றும் அக்கம்பெனியின் விளம்பரக்காரர் ஊரெங்கும் பறைசாற்றினர். அம்மையார் ஓஹையோ மாகாணத்துச் சின்சினாட்டி நகரத்துத் தையற்காரர் ஒருவரின் மகள். பிறருக்குப் பிறப்பும் வளர்ப்பும் புனைந்து கூலி கொடுத்துப் பரப்பியவர், தமக்கு மட்டும் அவ்வசதியை மறுத்துக்கொள்வாரோ?

தொடக்ககாலத்து வரலாறுகளை எழுதியவர் யாவர் என்று பார்ப்பின் இது மேலும் தெளிவாகும். ஹங்கேரியிலிருந்து வந்து பாராமவுண்ட் கம்பெனியை நிலைநாட்டிய அடால்ப் ஜூக்கரைப்பற்றி 1928இல் வில் இர்வின் ஒரு நூல் எழுதினார். யூனிவர்சல் கம்பெனியின் தலைவர் கார்ல் லெம்லிக்கு, ஆபிரகாம் லிங்கன் நாடகத்தால் பெயர்பெற்ற ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரிங்க்வாட்டர் 1931இல் ஒரு வரலாறு எழுதிக்கொடுத்தார். லிங்கனைப் பாடிய பேனா லெம்லியைப் பாடியது! பின்னர் முதலாளிகள் தாமே எழுதத் தொடங்கினர். 1953இல் ஜூக்கர் வெளியிட்ட நூலின் பெயர், பொதுமக்கள் ஒருபோதும் பிழைசெய்யார் என்னும் பொருளது. 1957இல் ஜெஸ்ஸி லாஸ்கி, ‘என் கொம்பை யானே ஊதுகிறேன்’ என்னும் பொருள்பட ஒரு பெயரைத் தம் நூலுக்கு இட்டார். இவரையாவது நேர்மையாளர் என்று சொல்லலாம்.

வில்லியம் பாக்ஸின் வரலாறு இவ்வனைத்தினும் விசித்திரமானது. அதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். ஹங்கேரி நாட்டு டோல்ச்வா என்னும் ஊரிலே 1879இல் பிறந்து, கைக்குழந்தையாய் நியூயார்க் வந்து, வறுமையில் வளர்ந்தவர் அவர். படத்தொழில் முழுவதையும் உரிமைப் பட்டயங்களால் கட்டிவைத்திருந்த எடிசன் கூட்டத்தாரோடு வழக்காடி நின்றவர். பேசும்படத்தின் ஒலியைப் படச்சுருளின்மீதே பதிக்கும் முறையைப் பரப்பியவர். முர்னாவ் இயற்றிய ‘சன்ரைஸ்’ என்னும் படத்துக்குப் பொருள் கொடுத்தவர். 1929 மார்ச்சில், மெட்ரோ கம்பெனிக்கு உடைமையாளரான லோ கம்பெனியின் பெரும்பங்கினையே விலைக்கு வாங்கிவிட்டார். அவ்வாண்டு ஜூலையில் மோட்டார் விபத்தில் பெருங்காயம் அடைந்தார். அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்தது. அரசாங்கமும் ஏகபோகத் தடைச் சட்டத்தை எடுத்து நீட்டியது. 1930இல் கம்பெனி அவர் கையைவிட்டுப் போயிற்று.

தம்மைச் சூழ்ந்து அழித்தவர் இன்னின்னார் என்று உலகறியச் சொல்ல விரும்பிய பாக்ஸ், சமதர்மவாதியான எழுத்தாளர் அப்டன் சின்க்ளேரிடம் சென்று தம் கதையைச் சொன்னார். நூல் முடிந்தபின் அதனை வெளியிட அவர் தயங்கினார்; சின்க்ளேரோ 1933இல் தாமே அச்சிட்டு வெளியிட்டுவிட்டார். இந்நூலைப் படிப்போர் ஒன்றை மறத்தலாகாது. எழுதியவர் சின்க்ளேராயினும், பேசுபவர் பாக்ஸே. வங்கிக்காரர் அனைவரும் ஓநாய்கள், பாக்ஸ் ஒருவரே ஆட்டுக்குட்டி என்று நூல் நம்மை எண்ணச்செய்யும். ஆட்டுக்குட்டியின் பிற்காலம் எப்படி? 1936இல் பொருளிழந்து நொடித்தவர், தம் வழக்கிலே நீதிபதி ஒருவருக்குக் கைக்கூலி கொடுத்த சதிக்குற்றத்தை 1941இல் ஒப்புக்கொண்டு சிறையும் புகுந்தார். 1933இல் நின்றுவிடும் நூல் இதனைச் சொல்ல வழியில்லை. ஆனால் அந்நூலையே ஆதாரமாகக் கொண்டு பின்னர் எழுதியவர்கள், முற்பாதிக்கு அதனையும் பிற்பாதிக்கு நீதிமன்றச் செய்தியையும் வைத்துத் தைத்து, முதலிற் புனிதர், முடிவிற் கள்வர் என்று இரண்டு மனிதரைப் படைத்துவிட்டனர். ஒரு மனிதனே இரண்டையும் செய்தான் என்பதைக் காட்டுவதன்றோ வரலாற்றாசிரியன் வேலை? 2017இல் வான்டா கிரெப்ட் என்னும் அம்மையார் எழுதிய பெருநூலே பாக்ஸை முழு ஆளாக நமக்குத் தந்தது.

பாக்ஸ் மறக்கப்பட்டதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 1937 ஜூலை 9ஆம் நாள் நியூஜெர்சியின் லிட்டில் பெர்ரி என்னும் ஊரில் அக்கம்பெனியின் படச்சுருள் கிடங்கு தீப்பற்றி எரிந்தது. அக்காலத்து நைட்ரேட் சுருள் தானே தீப்பற்றும் இயல்பினது. பாக்ஸ் தயாரித்த ஊமைப்படங்களிற் பெரும்பாலன அன்று சாம்பலாயின. தீடா பாராவின் ‘கிளியோபாத்ரா’வும் இன்று முழுதாக இல்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூல்நிலையம் 2013இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, 1912 முதல் 1929 வரை அந்நாட்டில் வெளியான ஏறத்தாழ 11,000 நீண்ட ஊமைப்படங்களுள், முதலில் வெளியான வடிவிலேயே முழுமையாக எஞ்சியவை நூற்றுக்குப் பதினான்கே. புலவன் பாடிய பாட்டெல்லாம் அழிந்து, அவனைப்பற்றிய கட்டுக்கதை மட்டும் நின்றது போன்றதே இது. பாக்ஸ் என்னும் பெயரோ அவரோடு ஒரு தொடர்புமில்லாத செய்தி ஒலிபரப்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் தொடங்கிய ஸ்டூடியோவின் பெயரிலிருந்து 2020இல் டிஸ்னி கம்பெனியார் அதனை எடுத்தும் விட்டனர்.

ஊர் தோன்றிய கதையிலும் இத்தகைய புனைவுகள் உண்டு. 1913 கடைசியில் லாஸ்கி கம்பெனியார் ஒரு கொட்டிலிலே ‘ஸ்குவா மேன்’ படத்தை எடுக்கத் தொடங்கியபோதே ஹாலிவுட் பிறந்தது என்பர். நெஸ்டர் கம்பெனியார் 1911இலேயே அங்கு ஸ்டூடியோ வைத்துவிட்டனர். கிரிபித் 1910இலேயே அங்கு ஒரு படம் எடுத்துச் சென்றார். எடிசன் கூட்டத்தாருக்கு அஞ்சி ஓடியவரே கலிபோர்னியா சேர்ந்தனர் என்பதும் அரைகுறை மெய்யே. அக்கூட்டத்தைச் சேர்ந்த செலிக் கம்பெனியார் 1909இலேயே லாஸ் ஏஞ்செல்ஸில் இருந்தனர். வெயிலும் மலையும் கடலும் அடுத்தடுத்துக் கிடைத்தமையே பெருங்காரணம். ஆனால் வெயிலைப்பற்றி எழுதினால் யார் வாங்கிப் படிப்பர்?

இதுவரை கூறியவை முதலாளிகள் தங்களை உயர்த்திக்கொண்ட பொய்கள். அவர்களைத் தாழ்த்திய பொய்களும் உண்டு. அவற்றுக்கு விலை அதிகம். நடிகர் ஜான் கில்பர்ட்டை மேயர் அழித்த கதை அவற்றுள் தலையாயது. 1926 செப்டம்பர் 8ஆம் நாள் டைரக்டர் கிங் விடரும் நடிகை எலினார் போர்டுமனும் மணம்செய்துகொண்டனர். அதே நாளில் கிரேட்டா கார்போவைக் கில்பர்ட் மணப்பதாக இருந்தாராம், கார்போ வரவில்லையாம், மேயர் இழிவாக ஒன்று சொன்னாராம், கில்பர்ட் பாய்ந்து அவரைத் தாக்கினாராம், ‘உன்னை ஒழிக்கிறேன்’ என்று மேயர் சூளுரைத்தாராம், பின்னர்ப் பேசும்படம் வந்தபோது கருவியைத் திருகிக் கில்பர்ட்டின் குரலைக் கீச்சுக்குரலாக்கினாராம். எத்தனை ‘ஆம்’ வந்தன என்று எண்ணிப் பார்க்க. இக்கைகலப்புக்குப் பெயர் சொல்லக்கூடிய சாட்சி மணமகள் ஒருவரே. அவர் சொன்னதும் பல பத்தாண்டுகள் சென்றபின். ஆராய்ந்தோர் பலர் இதனை ஐயுறுகின்றனர்.

எனக்கோ வேறொரு காரணம் பெரிதாகப் படுகின்றது. 1926இல் சூளுரைத்த முதலாளியின் கம்பெனி, அதன்பின் கில்பர்ட்டையும் கார்போவையும் சேர்த்து ‘பிளெஷ் அண்ட் தி டெவில்’, ‘லவ்’, ‘எ உமன் ஆப் அபேர்ஸ்’ என்று பெரும்படங்களை வரிசையாக வெளியிட்டது. பகைவனை ஒழிக்க எவரேனும் அவனுக்கு நல்ல கதையும் நல்ல ஜோடியும் கொடுப்பரோ? குரலைப்பற்றியோ நாமே நீதிபதிகளாக இருக்கலாம். 1933இல் வெளியான ‘குவீன் கிறிஸ்டினா’ இன்றும் உள்ளது. அதில் கில்பர்ட் பேசுவதைக் கேட்டால், அது ஆண்மகன் குரலே என்பது விளங்கும். 1929இல் மக்கள் நகைத்தது குரலை அன்று. ஊமைப்படத்தில் எழுத்தாக ஓடியபோது இனித்த காதல் வசனம், வாயால் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டபோது கூசச்செய்தது. குடிப்பழக்கமும் அவரை அரித்தது. 1936 ஜனவரியில் அவர் இறந்தார். கட்டுக்கதையால் மேயர் இழந்தது சிறிதே. கீச்சுக்குரலன் என்னும் பழியைச் சுமந்தவர் கில்பர்ட். வில்லனை உண்டாக்கப் புனைந்த கதை, யாருக்காக இரங்குகிறதோ அவரையே இழிவுபடுத்திவிட்டது.

தாமஸ் இன்ஸ் செய்தியும் அவ்வாறே. படப்பிடிப்புக்கு முன்பே காட்சிகளை விரிவாக எழுதி, ஒரே மேற்பார்வையில் பல படங்களை ஒழுங்காக எடுக்கும் முறையை வகுத்தவர் அவர். 1924 நவம்பர் 19இல், பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்டின் உல்லாசக் கப்பலில் நோயுற்றுத் திரும்பி, தம் இல்லத்தில் இறந்தார். இருதய நோய் என்று மருத்துவர் எழுதினர். கப்பலிலே சுட்டுக் கொன்றனர் என்று ஊர் பேசிற்று. அதனைச் சொன்னதாகக் கூறப்படும் பத்திரிகைத் தலைப்பின் பிரதி ஒன்றும் இதுவரை அகப்படவில்லை. ஆயினும் இன்ஸ் என்றவுடன் யாவரும் கப்பலையே கேட்கின்றனர். அவர் வகுத்த முறையைக் கேட்பார் இல்லை.

இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. அதனை மறைத்துச் செல்லுதல் முறையன்று. ஒற்றைச் சாட்சி, அதுவும் காலங்கடந்து சொன்ன சாட்சி, நம்பத்தகாதது என்று கில்பர்ட் செய்தியில் வாதித்தேன். அவ்விதியை எங்கும் கண்மூடிச் செலுத்தினால் யார் தப்பித்துக்கொள்வார்? பத்திரங்களை யார் கையில் வைத்திருந்தனரோ அவரே தப்பித்துக்கொள்வார். கடிதப் பெட்டிகளும் கணக்கேடுகளும் ஸ்டூடியோவிடம் இருந்தன. கூலிக்கு ஆடிய பெண்களிடம் இருந்தவை நினைவுகளே.

1937 மே 5ஆம் நாள் மெட்ரோ கம்பெனியார் தங்கள் விற்பனையாளருக்கு ஒரு விருந்து நடத்தினர். ஏறத்தாழ 120 இளம் நடனப்பெண்கள், படப்பிடிப்பு என்று சொல்லி அங்கு வரவழைக்கப்பட்டனர். அவருள் பட்ரீஷியா டக்ளஸ் என்னும் இருபது வயதுப் பெண், விற்பனையாளன் ஒருவனால் கற்பழிக்கப்பட்டாள். அவள் வாய்மூடி இருக்கவில்லை, அரசாங்க வழக்கறிஞரிடம் சென்றாள், விசாரணைக்குழு குற்றஞ்சாட்ட மறுத்தது, பின் தானே கம்பெனியார்மேல் வழக்குத் தொடுத்தாள், அதுவும் தள்ளப்பட்டது. விசாரணையில் மோட்டார் வண்டிகளைக் காத்து நின்ற ஒருவர் தம் சொல்லை மாற்றிக் கூறினார். அவருக்கு அக்கம்பெனியிலே நிலையான வேலை கிடைத்தது என்று அவர் மக்களே பிற்காலத்தில் கூறினர். அதன்பின் அறுபத்தைந்து ஆண்டுகள் இந்நிகழ்ச்சி உலகத்தார் நினைவினின்று அறவே மறைந்துபோயிற்று. மேயரின் குதிரைப் பந்தயங்களையும் கண்ணீரையும் கோபத்தையும் ஏடு ஏடாக எழுதினோர் இருந்தனர். ஜீன் ஹார்லோ என்னும் நடிகையின் வரலாற்றுக்காகப் பழைய பத்திரிகைகளைப் புரட்டிய டேவிட் ஸ்டென் என்பார் இதனைக் கண்டார், அப்பெண்ணை முதுமையில் உயிரோடும் கண்டார், 2003இல் எழுதினார். அவ்வாண்டிலேயே அம்மையார் காலமானார்.

இது ஒற்றைச் சாட்சியன்று. 1937ஆம் ஆண்டுப் பத்திரிகைகளிலும் நீதிமன்ற ஏடுகளிலும் எழுத்தாகக் கிடந்தது. தேடினால் கிடைத்திருக்கும். ஆகவே என் விதியை இவ்வாறு திருத்திக்கொள்கிறேன்: சான்று இல்லை என்று சொல்லுமுன், அச்சான்று இருந்திருக்க வேண்டிய இடம் யார் பூட்டில் இருந்தது என்று கேட்டல் வேண்டும். கில்பர்ட் கதையில் சான்றுக்கு எதிரான படச்சுருளே நம்முன் ஓடுகின்றது; டக்ளஸ் செய்தியிலோ எதிர்ச்சான்று என்று ஒன்றுமில்லை, மௌனமே உண்டு. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நீதியன்று.

சினிமாக்காரர் சரித்திரந்தானே, இதற்கு இத்தனை ஆராய்ச்சியா என்று முகஞ்சுளிப்போர் கற்றோரிடையே உளர். அரசர் வரலாற்றுக்கு ஒரு தராசும் கூத்தர் வரலாற்றுக்கு ஒரு தராசும் வைப்போர் அவர். இம்முதலாளிகளிற் பலர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர் அல்லது அன்னார் மக்கள். அதனையே குற்றமாக்கி, யூதர் படத்தொழிலைக் கைப்பற்றி நாட்டைக் கெடுக்கின்றனர் என்று ஹென்றி போர்டின் பத்திரிகை 1921இலேயே எழுதிற்று. 1941இல் அமெரிக்க மேற்சபை விசாரணையொன்றில், போரைத் தூண்டும் படங்களை எடுத்ததாகக் குற்றஞ்சாட்டப்பெற்று ஹாரி வார்னர் போன்றோர் விடை சொல்ல நின்றனர். அத்தகையோரைப்பற்றிச் சான்றின்றி எழுதும் ஒவ்வொரு கதையும் யாரேனும் ஒருவர் கைக்கு ஆயுதமாகும். ஆகவே துதிப்போரும் தூற்றுவோரும் சான்று காட்டக் கடமைப்பட்டவர்.

2013இல் பென் அர்வான்ட் என்பார், ஹாலிவுட் முதலாளிகள் ஹிட்லரோடு ஒத்துழைத்தனர் என்று ஒரு நூல் எழுதினார். அதே ஆண்டில் தாமஸ் டோஹர்டி அக்காலத்தைப்பற்றியே எழுதிய நூல் அத்துணைக் கடுமையாகப் பேசவில்லை. ஜெர்மானியச் சந்தையை இழக்க அஞ்சிப் பல கம்பெனியார் நாஜிகளின் கண்டனத்துக்கு வளைந்துகொடுத்தனர் என்பது மெய். 1934இல் லாஸ் ஏஞ்செல்ஸ் நாஜிக் கூட்டங்களை உளவறிய லியான் லூயிஸ் என்னும் வழக்கறிஞர் ஆட்களை அனுப்பியபோது, அச்செலவுக்குப் பொருள் கொடுத்தவருள் மேயர் முதலிய முதலாளிகளும் இருந்தனர் என்பதும் மெய். முதலாவதை மட்டும் எழுதி ‘கூட்டாளிகள்’ என்று முத்திரையிட்டால், இரண்டாவது எங்கே போகும்?

நல்ல செயலையும் பொய்யால் கெடுத்தவர் உண்டு. வார்னர் கம்பெனியார் 1934இலேயே ஜெர்மனியை விட்டு வெளியேறினர்; பெரிய கம்பெனிகளுள் முந்தியவர் அவரே. ஜாக் வார்னர் முப்பதாண்டு கழித்து எழுதிய தம் வரலாற்றில், பெர்லினில் தம் ஆள் ஜோ காப்மன் என்பாரை நாஜிகள் அடித்துக் கொன்றமையே காரணம் என்றார். அவர் பெயர் பில் காப்மன். 1933இல் பெர்லினில் அவர் தாக்கப்பட்டது உண்மை. இறந்தது அவ்வாண்டு டிசம்பரில், ஸ்டாக்ஹோம் நகரில், நோயினால். தமக்காக அடிபட்ட மனிதரின் பெயரைக்கூட முதலாளி நினைவில் வைக்கவில்லை என்பதே எனக்கு மிகவும் வருத்தமான செய்தி.

அண்மையில் இவ்வினா நூல்களை விட்டுச் சுவரிலும் ஏறிற்று. லாஸ் ஏஞ்செல்ஸில் 2021இல் திறந்த திரைப்படக் காட்சிசாலையில், தொழிலை நிறுவிய யூதரைப்பற்றி ஏதுமில்லை என்று குறைகூறினர். 2024 மே மாதத்தில் அவர்களுக்கென்றே நிலையான காட்சி ஒன்று அமைத்தனர். அதில் சில முதலாளிகளைக் கொடுங்கோலர், காமுகர் என்னும் பொருள்பட எழுதியிருந்தமை கண்டு, யூதக் கலைஞர் பலர் ஒன்றுகூடிக் கண்டனக் கடிதம் விடுத்தனர். காட்சிசாலையார் சொற்களை மாற்ற இசைந்தனர். இருதிறத்தாரும் அடைமொழிக்காகப் போராடினர் என்பது என் கருத்து. ‘காமுகர்’ என்று எழுதுவது எளிது. ‘1937 மே 5ஆம் நாள், 120 பெண்கள்’ என்று எழுதுவது அரிது. முன்னதை அழிக்கலாம், பின்னதை அழிக்க இயலாது. அடைமொழி ஒரு குலத்தின்மீது போய் ஒட்டிக்கொள்ளும். நாளும் இடமும் செய்தவன்மீது மட்டுமே நிற்கும்.

கார்ல் லெம்லியைப்பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். உறவினரையெல்லாம் ஸ்டூடியோவில் வேலைக்கு வைத்தார் என்னும் கேலி, அவரை அறிந்த யாவரும் அறிந்தது. டிரிங்க்வாட்டரின் புகழ்நூலோ 1931இல் முடிந்துவிட்டது. 1936இல் கம்பெனியை விற்றுவிட்ட அம்முதியவர், தாம் பிறந்த ஜெர்மானியச் சிற்றூரான லவுப்ஹைமின் யூதர்க்கும் பிறர்க்கும், அமெரிக்கா வந்தால் அவர் பிழைப்புக்குத் தாம் பொறுப்பு என்று பிணைப்பத்திரம் எழுதிக்கொடுக்கத் தொடங்கினார். இங்ஙனம் முந்நூற்றுவர்க்கு மேற்பட்டோர் உயிர் தப்ப உதவினார். ஒருவரே இத்தனை பத்திரம் எழுதலாமோ என்று அமெரிக்கக் கான்சல்கள் ஐயுற்றுத் தடுத்தபோது, 1938இல் வெளிநாட்டு மந்திரி கார்டெல் ஹல்லுக்கே முறையிட்டு எழுதினார். 1939 செப்டம்பர் 24ஆம் நாள், போர் தொடங்கி நான்கு வாரம் நிறையுமுன், லெம்லி இறந்தார். அவர் எழுதிய கடிதங்கள் அரசாங்கக் கோப்பிலே பல ஆண்டுகள் பிரிப்பாரின்றிக் கிடந்தன.